சுற்றிக்கொண்டே இருக்கும் அப்பாவுக்கு

மார்ச் 3, திங்கள்

சுற்றுலாப் பயணி அப்பாவுக்கு,

சுற்றுவதையே உலாவாக வைத்திருப்பவரை வேறு எப்படி அழைப்பது? நேற்று எங்கள் தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்றினீர்கள். இத்தனை சுற்றுக்கு ஒரு சாமியாக இருந்தால் இறங்கி வந்திருக்கும். நீங்கள்தான் காரைவிட்டு இறங்கவே இல்லை.

நடந்ததை எழுத்தில் வைக்கிறேன். பிறகு மாற்றிப் பேசக் கூடாது. போன வருஷம் நீங்களும் அம்மாவும் தனித்தனி வீடு என்று முடிவு செய்தபோது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நான் உங்கள் பங்கு என்று பேசிக்கொண்டீர்கள். எங்கள் வீட்டுக்கும், நீங்கள் இருக்கும் டிரைவிங் ஸ்கூல் மாடி அறைக்கும் நடுவில் ஒரு பாலம், ஒரு சந்தை, நாலு சிக்னல். கடல் இல்லை, மலை இல்லை. பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டுக்குத் தெருமுனையில் தலைகாட்டினீர்கள். அதாவது உங்கள் கார் தலையில் இருக்கும் டிரைவிங் ஸ்கூல் பலகை தலைகாட்டியது. அதற்குப் பிறகு வண்டி நிறுத்த இடம் தேடும் படலம். மூன்றாவது சுற்றில் பொறுக்க முடியாமல் நானே மூன்று மாடி இறங்கி வந்து காரோடு கூடவே ஓடினேன்.

கண்ணாடியை இறக்கி, "பரீட்சை எப்படிப் போச்சு?" என்றீர்கள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா."

"அப்போ நல்லாப் படி." அதற்குள் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, போய்விட்டீர்கள். அடுத்த சுற்றில், "சாப்பிட்டியா?"

"எப்போ, இந்த ரவுண்டுலயா, போன ரவுண்டுலயா?"

ஒரு மணிக்கு, சொன்ன சொல் தவறாதவர் மாதிரி, கையாட்டிவிட்டுப் பாலத்தின் பக்கம் திரும்பிவிட்டீர்கள். ஏறி உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். போன மாதம் ஏறினேன். ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி நான் வாந்தி எடுத்தது உங்கள் கார் மிதியடிக்கு ஞாபகம் இருக்கும்.

அம்மா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் பயமில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், வலிக்காமல் குத்தத் தெரியும். "இன்னும் ரெண்டு ஞாயிறு பாக்கறேன். அதுக்கப்புறமும் இதே கதைன்னா, ஞாயித்துக்கிழமை காலைல கணக்கு டியூஷன். சார்கிட்ட பேசிட்டேன்" என்றாள். வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் உதிக்கிறது. அதையும் கணக்கு வாத்தியார் விழுங்கப் போகிறார்.

தயவுசெய்து ஒரு சைக்கிள் வாங்குங்கள். நான் ஆறு மாதமாகச் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறேன். வேனில் உட்கார்ந்து தூங்கி, கனவு கண்டு, அந்தக் கனவு முடிந்து எழுந்தாலும் அதே சிக்னலில் நிற்போம். இப்போது முதல் மணிக்கு முன்னாலேயே போய்விடுகிறேன். நானே உங்களிடம் வந்திருப்பேன், ஆனால் பாலம் தாண்டினால் காலை உடைப்பேன் என்பது அம்மாவின் சட்டம்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். பள்ளி விடும் மணியைக் கைபேசியில் பதிவு செய்து மூன்றாவது பீரியடில் ஒலிக்கவிட்டேன். இரண்டு வகுப்புகள் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. கைபேசி இப்போது அம்மாவின் பீரோவில், பரீட்சை முடியும்வரை. பரவாயில்லை. எங்கள் தபால்காரர் சைக்கிளில் வருகிறார். அதனால் உங்கள் கடிதம் உங்களுக்கு முன்னால் வந்து சேரும்.

இப்படிக்கு,
வாலு

*

மார்ச் 6, வியாழன்

வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து கோழி கிளறியது போலவும் கருத்து அதைவிட மோசமாகவும் இருக்கிறது. அப்பாவுக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பு எங்காவது ஒரு வரியில் இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன்.

நான் காலை எட்டரை வரை இரண்டு பேருக்குப் பாடம் எடுத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கிளம்புகிறேன். சந்தைக்கு முன்னால் நிற்கிறேன். பாலத்தில் ஏறும் இடத்தில் நிற்கிறேன். பாலத்தின் மேல் நிற்கிறேன். நீ அந்தப் பக்கம் நின்றால் காத்திருப்பது, நான் இந்தப் பக்கம் நின்றால் சாக்குப் போக்கு. நல்ல நியாயம்.

பஸ்ஸில் வரலாமே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸும் எனக்குப் பின்னால்தான் நிற்கிறது. மேலும், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் என்னால் உட்கார முடியாது. இருபது வருஷமாகக் கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில், என் காலடியில் ஒரு பிரேக்கோடு உட்கார்ந்தவன். பஸ்ஸில் கால் தானாக அதைத் தேடும். போன முறை மிதித்த மிதியில் முன் சீட்டுக்காரர் திரும்பி, "என் சீட்ட ஏன் சார் உதைக்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தார்.

சைக்கிளா? காரோட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் சைக்கிளில் போனால் எவன் என்னிடம் கற்றுக்கொள்ள வருவான்? பல் மருத்துவர் பொக்கை வாயோடு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஏற்கெனவே பட்ட அவமானம் போதும். நேற்றுப் பாலத்தில் நிற்கிறேன், ஒரு பெண் சைக்கிளில் என் கண்ணாடி ஓரமாக வந்து, "மாஸ்டர், நல்லாருக்கீங்களா?" என்கிறாள். போன வருஷம் என்னிடம் படித்தவள். முதல் தேர்விலேயே தேறியவள். பின்பக்கமாக வண்டி நிறுத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை.

"கார் என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"வித்துட்டேன் மாஸ்டர்."

"ஏன், என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. கார்ல வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பையன் தூங்கிடறான். இப்போ நான் போறப்போ முழிச்சிருக்கான்."

சொல்லிவிட்டு இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்து போய்விட்டாள். நான் அவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தது இதற்குத்தானா? உலகம் போகிற போக்கைப் பார்.

இந்த ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறேன். உன் தெருவில் ஓர் இடம் மட்டும் கிடைத்தால் போதும். அதற்கு உன்னால் முடிந்ததைச் செய். வாய் வளர்த்தது போதும்.

அப்பா

*

மார்ச் 10, திங்கள்

சட்டம் தவறாத மாஸ்டருக்கு,

என்னால் முடிந்ததைச் செய்யச் சொன்னீர்கள், செய்தேன். சனிக்கிழமை மாலை எங்கள் வாசலுக்கு நேரே ஒரு கார் கிளம்பியது. அது தெரு திரும்புவதற்குள் நான் நாலு செங்கல், ஒரு கயிறு, ஓர் அட்டைப் பலகையோடு இறங்கிவிட்டேன். பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'ஈரச் சிமெண்ட். வண்டி நிறுத்தாதீர்.'

அப்பா, மொத்தத் தெருவும் மதித்தது. வாட்ச்மேன் அண்ணன் பலகையைப் படித்துவிட்டு, வெயிலில் சிமெண்ட் வெடிக்கக் கூடாது என்று இரண்டு குடம் தண்ணீர் வேறு ஊற்றினார். கீழ்வீட்டு மாமா தன் காரை மூன்று தெரு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். ஞாயிறு காலை அந்த இடம் பளபளவென்று காலியாக, உங்களுக்காகவே பிறந்த மாதிரி கிடந்தது.

நீங்கள் பதினொன்றுக்கு வந்தீர்கள். வேகம் குறைத்தீர்கள். பலகையைப் படித்தீர்கள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நான் பால்கனியில் தொங்காத குறை. "அப்பா, நிறுத்துங்க, அது நான் வச்சதுப்பா" என்று கத்தியதில் எதிர் வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. உங்களுக்குக் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் சுகமாக இருந்தீர்கள். அடுத்த சுற்றில் இன்னும் கவனமாக, சக்கரம் ஈரச் சிமெண்டில் பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கிப் போனீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் கீழே ஓடி வருவதற்குள் தெருவையே தாண்டிவிட்டிருந்தீர்கள்.

ஊரில் எத்தனையோ பேர் பலகையை மிதித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு வாய்த்த அப்பா பலகைக்கு மரியாதை செய்கிறார்.

மருத்துவமனைக்குப் பின்னால் எங்கேயோ நிறுத்திவிட்டு, வியர்த்து நனைந்து, நீங்கள் படியேறி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கால் மணி நேரத்தில் நாம் பேசியது, அந்த நிறுத்தும் இடத்தில் வண்டியை இழுத்துப் போவார்களா மாட்டார்களா என்பதுதான். அம்மா சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். இன்னும் ஒரே ஞாயிறு.

விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்கிறேன். அந்தச் சைக்கிள்கார அக்கா சொன்னதை எனக்கு நீங்களேதான் எழுதினீர்கள். எழுதிவிட்டு, உலகம் போகிற போக்கு என்று முடித்துவிட்டீர்கள். நானும் அந்தப் பையன் மாதிரி முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நெரிசல் நிஜமா, இல்லை உங்களுக்கு அது வசதியா? வர வேண்டும் என்று உண்மையிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். கணக்காவது ஒழுங்காக வரட்டும்.

வாலு

*

மார்ச் 12, புதன்

வாலுக்கு,

பலகை உன்னுடையது என்று நான் எப்படிக் கனவு காண்பேன்? போடக் கூடாத இடத்தில் பலகை போட்ட நீ என்னைக் குற்றம் சொல்கிறாய். "பலகையில் எழுதியிருப்பதுதான் சட்டம், சந்தேகம் வந்தாலும் சட்டம்" என்று தினமும் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பவன் நான். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டாயா?

நீ கடைசியில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்தேன். அந்தக் கேள்வியை என்னிடம் வேறு யார் கேட்டிருந்தாலும் சண்டை நடந்திருக்கும்.

இடம் இல்லை என்று தெரிந்ததுமே நான் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கட்டடத்தைத் தாண்டும்போது நீ பால்கனியில் நிற்பது தெரியும். அதற்காக இன்னொரு சுற்று. உனக்கு அது கேலியாகத் தெரிகிறது. தெரியட்டும்.

இன்னொன்று. இதை நீ உன் அம்மாவிடம் சொல்லக் கூடாது, பள்ளியில் சொல்லக் கூடாது, இதை வைத்துப் பாட்டுக் கட்டக் கூடாது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. என் அப்பா லாரி பட்டறையில் இருந்தவர். கால் எட்டுவதற்கு முன்பே என்னை ஸ்டீயரிங் பிடிக்க வைத்துவிட்டார். நாலு சக்கரம் தானாக நிற்கும், இரண்டு சக்கரம் விழும், விழுவதில் ஏன் ஏற வேண்டும் என்று அப்போதே விட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் வாடகைச் சைக்கிளில் போகலாம் என்றாள். முதுகு வலி என்று சொல்லித் தப்பித்தேன்.

எழுதிவிட்டேன். சிரித்து முடித்தபின் பதில் போடு.

அப்பா

*

மார்ச் 13, வியாழன்

பழகுநர் அப்பாவுக்கு,

சிரித்து முடித்தேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது, மன்னிக்கவும். வாட்ச்மேன் அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. "அடிப்பாவி, ரெண்டு குடம் தண்ணி" என்றார்.

இனி நான் மாஸ்டர். பாடத்தை வாயை மூடிக்கொண்டு கேட்கவும். அந்தச் சைக்கிள்கார அக்காவிடம் போய் ஒரு சைக்கிள் இரவல் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், குருதட்சிணை என்று நினைத்துக்கொள்ளட்டும். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு பாதமும் தரையில் பதிகிற மாதிரி வையுங்கள். அடுத்து, ஒரு ஸ்பேனர் எடுத்து இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். தப்பாகப் படிக்கவில்லை. கழற்றுங்கள். உட்கார்ந்து, தரையை உந்தி உந்திப் போங்கள், வாத்து நடப்பது போல. உந்தின பிறகு கால் தரையைத் தொடாமல் கொஞ்ச தூரம் போகிறது என்று தெரிந்தால் பெடலை மாட்டலாம்.

பிரேக் கையில் இருக்கிறது. திரும்ப எழுதுகிறேன்: கையில். காலில் இல்லை. காலில் எதுவுமே இல்லை. உங்கள் கால் வரலாறு எனக்குத் தெரியும்.

முன்னால் பாருங்கள், சக்கரத்தைப் பார்க்காதீர்கள். இது நீங்கள் எனக்கு ஐந்து வயதில் சொன்னது. சைக்கிள் ஓட்டவே தெரியாமல் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தீர்களே அப்பா, பின்னாலேயே பிடித்துக்கொண்டு ஓடி. அந்தத் தைரியம் இப்போது எங்கே போயிற்று?

ஞாயிறு பத்து மணி. எதில் வந்தாலும் சரி.

மாஸ்டர் வாலு

*

மார்ச் 15, சனி

வாலுக்கு,

பெடல் இல்லாதவரை எல்லாம் சரியாகத்தான் போனது. ஸ்கூலுக்குப் பின்னால் உள்ள சந்தில் நேற்று முழுக்க வாத்து போல நடந்தேன். பாடத்துக்கு வந்தவர்கள் சுவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். இன்று காலை பெடலை மாட்டினேன். ஓடியது. உண்மையாகவே ஓடியது. இருபதடி, முப்பதடி, காற்று முகத்தில் அடிக்கிறது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது ஒரு பூனை குறுக்கே வந்தது.

கால் மிதித்துவிட்டது. இருபது வருஷத்துக் கால், உன் கடிதத்தையா படித்தது? காரில் மிதித்தால் நிற்கும். சைக்கிளில் மிதித்தால் பறக்கும். பூனை தப்பித்தது. நான் நேராக மெத்தைக் கடைக்குள் போனேன். மெத்தையில் விழுந்திருந்தால் பரவாயில்லை. அளவு எடுக்கும் மேசையில் விழுந்தேன். வலது முட்டி கிழிந்தது. பாடத்துக்கு வந்த ஒருவன் தூக்கிவிட்டு, "மாஸ்டர், கிளட்ச்ச சட்டுனு விட்டுட்டீங்க" என்கிறான். நான் அவனுக்குச் சொல்வதை எனக்கே சொல்கிறான். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

நாளை வருவேன். எதில் என்று கேட்காதே.

அப்பா

*

மார்ச் 17, திங்கள்

அப்பாவுக்கு,

உங்கள் சனிக்கிழமைக் கடிதம் இன்றுதான் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தபாலை முந்தியிருக்கிறீர்கள்.

நேற்று என் மேல் தப்பே இல்லை என்று முதலில் பதிவு செய்கிறேன். ஒன்பதரையிலிருந்து பால்கனியில் நிற்கிறேன். தெருமுனையில் உங்கள் கார்ப் பலகை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஒரு வருஷமாகக் காரையே தேடிப் பழகிய கண். கீழே எவரோ விடாமல் சைக்கிள் மணி அடித்துக்கொண்டிருந்தார். நானே பதற்றத்தில் இருக்கிறேன், அவர் நிறுத்துகிற மாதிரி இல்லை. அதனால்தான், "யாருங்க அது, மணியடிச்சே உயிர எடுக்கறது?" என்று கத்தினேன்.

"நான்தான்டி. எவ்ளோ நேரமா அடிக்கறேன்" என்றீர்கள்.

எட்டிப் பார்த்தால், தலை கலைந்து, சட்டை முழுக்கக் கிரீஸ், வலது முட்டியில் ரத்தம் கசிந்து, சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீங்கள். நான் இறங்கி வந்த வேகத்துக்குப் படிக்கட்டுக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். அவள் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ரத்தத்தைக் கண்டால் வேலைக்கு வந்துவிடுவாள்.

"ஓட்டிட்டு வந்தீங்களா?"

"தள்ளிட்டு வந்தேன்."

"பாலம் முழுக்கவா?"

"வீட்லேர்ந்து முழுக்க. ஏறினா விழுவேன், விழுந்தா லேட்டாகும்."

அம்மா முட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடிகாரம் பத்தைத் தாண்டி ரெண்டு நிமிஷம்தான் காட்டியது. "தள்ளிட்டு வந்தே இவ்ளோ சீக்கிரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அப்போ அன்னைக்கு முதுகு வலின்னதும் பொய்தானா?" என்றாள். நான் சொல்லவில்லை அப்பா, சத்தியம். உங்கள் முட்டியே சொல்லிவிட்டது. நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். நான் பார்த்தது, உதட்டைக் கடித்து அவள் சிரிப்பை அடக்கியதை.

நீங்கள் கிளம்பியதும் டியூஷன் சாருக்குப் போன் போட்டாள். "ஞாயிறு வேணாம் சார். அவங்கப்பா வருவாரு" என்றாள். நான் வானத்தில் பறப்பதற்குள், "சனிக்கிழமை போட்டுக்கலாம்" என்று முடித்தாள். ஆக, உங்களால் என் ஞாயிறு பிழைத்தது, சனி பிடித்தது.

மூன்று மணி நேரம் அப்பா. முழுசாக. நாம் என்னென்ன பேசினோம் என்று இப்போது யோசித்தால் எதுவும் உருப்படியாக ஞாபகம் இல்லை. அதுவே நன்றாக இருக்கிறது.

வாலு

*

மார்ச் 31, திங்கள்

அப்பாவுக்கு,

இதைப் புகார் மனுவாக எடுத்துக்கொள்ளவும்.

ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள், சந்தோஷம். சொந்தமாக வாங்கிவிட்டீர்கள், அதைவிடச் சந்தோஷம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வந்து மணி அடிப்பார்களா? பத்து என்றால் பத்து. ஏழுக்கு நான் மனுஷியே இல்லை. எதிர் வீட்டுக் குழந்தை மறுபடியும் எழுந்து அழுதது, இந்தத் தடவை உங்களால். "ரோடு காலியா இருந்துச்சு, சும்மா மிதிச்சேன், வந்துட்டேன்" என்பது ஒரு காரணமா? அம்மா வேறு, "உக்காருங்க, அவ எழுந்திருக்கட்டும்" என்று உங்களுக்குத் தேநீர் போட்டாள். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் நீங்கள் இருவரும் சைக்கிள் செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் ஞாயிற்றில் எனக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது.

போகிற இடத்தில் எல்லாம் கார் நிற்கிற வரிசையைப் பார்த்து, "பாவம்" என்று சொல்வதையும் நிறுத்துங்கள். மூன்று வாரம் முன்புவரை அந்தப் பாவம் நீங்கள்தான்.

பரீட்சை முடிந்தது. நாளை கைபேசி கிடைக்கும். இனி எழுதத் தேவையில்லை, தபால்காரர் பிழைத்தார்.

வாலு

*

ஏப்ரல் 2, புதன்

வாலுக்கு,

கைபேசி வந்துவிட்டது என்று தெரியும். நேற்றிரவே பள்ளி மணிச் சத்தத்தை எனக்கு அனுப்பியிருந்தாய். தூக்கிவாரிப் போட்டது. திருந்தவே மாட்டாய்.

இருந்தாலும் இதைத் தாளில்தான் எழுதுகிறேன். உறையைத் திருப்பிப் பார். தபால்தலை இருக்காது. வாட்ச்மேன் அண்ணன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் இன்னும் அந்த இரண்டு குடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

மாலை ஐந்து மணிப் பாடத்துக்கு வர வேண்டியவன் பாலத்தில் மாட்டிக்கொண்டான். வர ஒரு மணி நேரமாகுமாம். ஒரு மணி நேரத்தில் நான் உன் வாசலுக்கு வந்து திரும்பிப் போய்விடலாம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று என் மேலேயே எரிச்சலாக வருகிறது. ஒரு வருஷம்.

இன்று ஞாயிறு இல்லை என்று தெரியும். உன் அம்மாவிடம் கேட்டேன். "நிறுத்தறதுக்குத்தான் இடம் தேட வேண்டாமே, வந்துட்டுப் போங்க" என்றாள்.

மணி அடிக்கவில்லை, திட்டுவாய். கீழேதான் நிற்கிறேன். காரைத் தேடாமல் நேராகக் கீழே பார்.

அப்பா